பீரோவைக் காலி செய்யுமுன்

நூற்றாண்டைத் தொட்டுவிட்ட, தொடப்போகிற தமிழ்ச் சங்கங்கள், வாசகசாலைகள், சபாக்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிக் கமிட்டிகள் ஆகியவற்றின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

கட்டடத்தைப் புதுப்பிக்கும்போதோ நூற்றாண்டு மலர் தயாரிக்கும்போதோ உங்களில் பலர் ஒரு தீர்மானம் போடுகிறீர்கள். பழைய பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிடுவது, அதன்பின் பீரோக்களைக் காலி செய்து இடத்தை மிச்சப்படுத்துவது என்று. அதன் முதல் பாதியை மனதார வரவேற்கிறேன். இரண்டாம் பாதி என்னைப் பதற வைக்கிறது. ஸ்கேன் செய்வது ஒரு வேலை, காப்பது வேறு வேலை. முன்னது சில மாதங்களில் முடிந்துவிடும். பின்னதற்கு முடிவு கிடையாது. முன்னதற்கு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறீர்கள். பின்னதற்கு ஆளும் இல்லை, பணமும் ஒதுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைப் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் பீரோவில் இருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மினிட் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பேரேடு, ரசீது அடிக்கட்டைகள், ஆண்டு விழா அழைப்பிதழ்கள், வந்த கடிதங்கள், பெயர் எழுதாத புகைப்படங்கள். 1930களின் மினிட் புத்தகம் ஒன்றைப் புரட்டினால், மாதச் சந்தா எத்தனை அணா, எந்தப் பத்திரிகைகளை வரவழைத்தார்கள், யாரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தார்கள், அந்த மறுப்பை எதிர்த்துக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் யார், பெண்கள் வாசிக்கத் தனி நேரம் எப்போது ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் வரிவரியாகக் கிடைக்கும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909 முதல் இயங்கிவரும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை. அரசு உங்கள் சங்கத்தைப் பற்றி எழுதிவைத்தது அங்கே இருக்கலாம். உங்கள் சங்கம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்தது உங்கள் பீரோவில் மட்டுமே இருக்கிறது. அதற்கு இரண்டாவது பிரதி எங்கும் கிடையாது.

ஒரே பிரதியாக இருப்பதுதான் உண்மையான ஆபத்து. 1981 மே கடைசி நாளின் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சு நூல்களில் சிலவற்றை வேறெங்காவது தேடிப் பிடிக்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் போனது போனதுதான். தீவைப்பவர் வரவேண்டும் என்பதுகூட இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை தரைத்தள அலமாரிகள் ஊறிப்போயின என்பதை நீங்கள் அறிவீர்கள். எதுவும் நடக்காவிட்டாலும் காகிதம் தானாகவே சாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவலான மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டு. அது நாரை மெல்ல அறுத்து, தாளைப் பழுப்பாக்கி, கடைசியில் தொட்டால் நொறுங்கும்படி செய்துவிடும். ஆகவே டிஜிட்டலாக்க வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. வேண்டும், விரைவில் வேண்டும்.

ஆனால் டிஜிட்டல் கோப்பு காகிதத்தைவிட வேகமாகச் சாகும். செல்லரித்த பேரேட்டில் பாதிப் பக்கத்தையாவது படிக்கலாம். பழுதான ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலப் பதிவேடு இன்றும் கண்ணால் படிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பெருந்திரளான மக்களைக் கொண்டு நாடு முழுவதையும் பதிவு செய்து, இரண்டு லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்தே ஆண்டுகளில் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டு மீட்க வேண்டியதாயிற்று. பி.பி.சி.க்குப் பணம் இருந்தது, பொறியாளர்களும் இருந்தார்கள். நம் சங்கங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் அலுவலகக் கணினியிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து 2010 வரை நாம் தமிழில் தட்டச்சு செய்தது ஒரே முறையில் அல்ல. பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டிஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனிக் குறியேற்றத்தைப் பயன்படுத்தின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக ஏற்றது. 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தின் ஆண்டறிக்கைகளும் மலர்களும் கடிதங்களும் இன்று திறந்தால் வெறும் புரியாத குறிகளாகத்தான் தெரிகின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அதைச் சொல்ல அன்றைய டி.டி.பி. ஆபரேட்டர் இன்னும் ஊரில் இருக்க வேண்டும். மலர்களில் பெரும்பாலானவை பேஜ்மேக்கரில் வடிவமைத்தவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை.

அதனால் என் முதல் வேண்டுகோள் உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடும். 1925ஆம் ஆண்டின் பேரேட்டிலிருந்து தொடங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் ஃபிளாப்பியிலிருந்தும் சி.டி.யிலிருந்தும் தொடங்குங்கள். பேரேடு இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும், சி.டி. காத்திருக்காது. ஈரம் படாத, பூச்சி அரிக்காத பொருள் என்பதால் அது பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தகவல் பதிந்திருக்கும் சாயப் படலம் மங்கினால் அந்த வட்டு சத்தமில்லாமல் வெறுமையாகிவிடும்.

இனி ஸ்கேன் வேலைக்கு வருகிறேன். கொட்டேஷன் கொடுப்பவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்வார். தொகை குறைவாக இருந்தால், கருப்பு வெள்ளையில் எடுத்து, நெருக்கிச் சுருக்கி, ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தருகிறார் என்று பொருள். அதை ஏற்காதீர்கள். மினிட் புத்தகத்தில் சிவப்பு மையில் திருத்தியிருப்பார்கள், பென்சிலில் ஓரக்குறிப்பு இருக்கும், ரப்பர் முத்திரை நீலத்தில் மங்கியிருக்கும். கருப்பு வெள்ளை இவை எல்லாவற்றையும் அழித்துவிடும். வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல், டிஃப் வடிவில் மூலப் பிரதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். படிப்பதற்கும் பகிர்வதற்கும் அதிலிருந்து சிறிய பிரதி எடுத்துக்கொள்ளலாம். அது பி.டி.எஃப்/ஏ என்ற வடிவில் இருக்கட்டும். நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே 2005இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரம் அது. எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதித்து வைத்திருப்பதால் வெளியே எதையும் நம்பி இருக்காது.

சுருக்குவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு 2013இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். வெவ்வேறு பரப்பளவுள்ள மூன்று அறைகளுக்கும் ஒரே அளவு அச்சாகி வந்தது. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்ளும் முறை அந்த இயந்திரத்தில் இருந்தது. 6 இருந்த இடங்களில் 8 வந்தது. படம் தெளிவாக இருந்ததால் பிழை கண்ணுக்குத் தெரியவில்லை. நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தியது. பேரேட்டில் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பொருளாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டிஃப் கோப்பு பெரியதுதான். ஏ4 அளவுத் தாள் ஒன்று 300 புள்ளியில் வண்ணத்தில் சுமார் 26 மெகாபைட் வரும். 400 பக்கப் பேரேடுகள் நூறு இருந்தால் ஏறத்தாழ ஒரு டெராபைட். இன்று அந்த அளவு ஹார்டு டிஸ்க்கின் விலை, ஆண்டு விழாவில் சாமியானாவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆகவே இடமில்லை என்று தரத்தைக் குறைக்க வேண்டிய நிலை எந்தச் சங்கத்துக்கும் இல்லை.

வேலை செய்யும் இடத்தில் உங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுத் தையலைப் பிரிக்கவோ வெட்டவோ விடாதீர்கள். தாளை இழுத்துக்கொள்ளும் தானியங்கி ஸ்கேனர் பழைய தாளுக்கு ஆகாது. மேலிருந்து படம் எடுக்கும் கேமரா ஸ்டாண்டே போதும். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றுங்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அட்டை, வெற்றுப் பக்கம், ரசீதின் பின்புறம் எதையும் தவிர்க்க வேண்டாம்.

எடுத்த படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. ‘ஸ்கேன் 0001’ என்று தொடங்கி நாற்பதாயிரம் கோப்புகள் இருந்தால், அது பூட்டிய பீரோவைவிட மோசம். பீரோவில் அட்டையின் நிறத்தைப் பார்த்தாவது தேடலாம். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் எண், வகை, காலம், உள்ளடக்கம், யார் எழுதியது என்ற குறிப்பு வேண்டும். காலம் எழுதும்போது நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. ‘பிலவ வருஷம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1901ஆகவும் இருக்கலாம், 1961ஆகவும் இருக்கலாம், 2021ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு வட்டம் அப்படி. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பக்கமும் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். கொல்லம் 1100 என்றால் 1924–25. பழைய கணக்குகளில் தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் வரும். 1957 ஏப்ரலுக்கு முந்தியது எல்லாம் ரூபாய், அணா, பைக் கணக்கு. ஓரணாவுக்குப் பன்னிரண்டு பை என்பதையே அடுத்த தலைமுறை அறியாது. மூலத்தில் உள்ளபடி ஒரு வரி, இன்றைய வழக்கில் ஒரு வரி என்று இரண்டையும் எழுதிவையுங்கள்.

இதைச் செய்யும் தகுதி கணினி மையத்துப் பையன்களுக்கு இல்லை, உங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு இருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் கையெழுத்தைப் பார்த்தே இது இன்னார் செயலாளராக இருந்த காலம் என்று சொல்லிவிடுவார். 1968ஆம் ஆண்டு விழாப் புகைப்படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்பவரின் பெயர் அவருக்குத்தான் தெரியும். ஸ்கேனரை அடுத்த ஆண்டு வாங்கலாம். அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். இந்தத் திட்டம் முழுவதிலும் மிக அவசரமான வேலை அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

படத்திலிருந்து எழுத்தைத் தானே படித்துத் தரும் மென்பொருள்கள் அச்சுத் தமிழுக்கு ஓரளவு உதவும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் பழைய வடிவ லை, னை, றா போன்றவற்றில் தடுமாறும். பழைய கையெழுத்தை அவற்றிடம் விட்டுவிட முடியாது. குறிப்புகளை மனிதர்தான் எழுத வேண்டும்.

இப்போது காக்கும் வேலை. நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஓலை நெடுநாள் நிற்காது என்பதால் தலைமுறைக்கு ஒருமுறை ஏடு பெயர்த்து எழுதினார்கள். ஒரே நூல் பல ஊர் மடங்களிலும் வீடுகளிலும் இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல இடத்துப் பிரதிகளை ஒப்புநோக்க முடிந்தது அதனால்தான். டிஜிட்டல் பாதுகாப்பும் அதே இரண்டு வேலைதான்: குறித்த காலத்தில் புதிதாகப் பெயர்ப்பது, பல ஊர்களில் வைப்பது. ஹார்டு டிஸ்க்கை ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் நம்ப வேண்டாம். பென் டிரைவை நெடுங்காலப் பெட்டகமாக ஒருபோதும் நினைக்க வேண்டாம். மின்சாரம் படாமல் கிடந்தால் அதன் பதிவு கசிந்து மறையும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் கைக்கொள்ளும் குறைந்தபட்ச ஏற்பாடு. மூன்றில் ஒன்றாவது இணையத்தோடு இணையாமல் தனியே இருக்கட்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது அதன் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

வேறு ஊரில் வைக்க வாடகை தேவையில்லை. தஞ்சாவூர்ச் சங்கத்தின் வட்டை மதுரைச் சங்கம் வைத்துக்கொள்ளட்டும், மதுரையினுடையதைத் திருநெல்வேலி வைத்துக்கொள்ளட்டும். ஒருவரை ஒருவர் நம்பும் மூன்று சங்கங்கள் சேர்ந்தால் போதும்.

பிரதிகள் மாறாமல் இருக்கின்றனவா என்பதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற கணக்கீட்டின்படி 64 குறிகள் கொண்ட ஒரு கையொப்பத்தை மென்பொருள் தரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கையொப்பம் மாறிவிடும். ஸ்கேன் முடிந்த அன்றே பட்டியல் எடுத்து, அச்சிட்டு, மினிட் புத்தகத்தில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தணிக்கையோடு சேர்த்து இதையும் சரிபார்க்கலாம். மென்பொருள் இலவசம்தான்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைக்கும்போது தர வேண்டிய சான்றிதழில் இந்தக் கையொப்பத்தைக் குறிப்பிடவே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் இருக்கிறதே என்று மூலத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரயப் பத்திரம், நன்கொடைச் சாசனம், பதிவுச் சான்று, மினிட் புத்தகம் ஆகியவற்றின் காகித மூலம் என்றென்றும் இருக்க வேண்டும். மையின் தன்மை, தாளின் நீர்க்குறி, கையெழுத்தின் அழுத்தம் இவற்றைக் குறித்து நாளை எழும் கேள்விக்குப் படம் பதில் சொல்லாது. கழிக்க வேண்டியதும் உண்டு. 1994ஆம் ஆண்டின் மின்கட்டண ரசீதுகளைச் சுமந்துகொண்டிருக்கத் தேவையில்லை. எதை எத்தனை ஆண்டு வைப்பது, எதைக் கழிப்பது என்று பட்டியல் போட்டு, குழுவில் வைத்து நிறைவேற்றிய பிறகு கழியுங்கள். விடுதி மாணவர் பதிவேடு, உதவி கேட்டு எழுதிய மனு போன்றவற்றில் குடும்ப வறுமையும் சாதியும் நோயும் எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்துவிட்டோம் என்பதற்காக அவற்றை எல்லோர் பார்வைக்கும் வைத்துவிடக் கூடாது.

நான் மிகவும் அஞ்சுவது கரையானை அல்ல, நிர்வாக மாற்றத்தை. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது. புதிய அணி வருகிறது. பழைய அணி மனக்கசப்போடு வெளியேறுகிறது. பீரோச் சாவியைக் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்குக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வாசகசாலையின் ஸ்கேன் கோப்புகள் முழுவதும் முன்னாள் செயலாளர் ஒருவரின் சொந்த ஜிமெயில் கணக்கில் இருந்தன. அவர் காலமானார். குடும்பத்தாருக்குக் கடவுச்சொல் தெரியாது. நல்லவேளையாகக் காகிதத்தை யாரும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவருக்குத் தெரிந்த கடவுச்சொல், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் ரொக்க இருப்புக்கு அடுத்த வரியாக வட்டுகளின் எண்ணிக்கை: இவை மூன்றும் துணைவிதியில் ஏறினால்தான் நிற்கும்.

தனியாகத் திணற வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்த நூல்தொகுப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. முதலில் நுண்படச் சுருள், பிறகு டிஜிட்டல் என்று இந்தப் பாதையை அவர்கள் நெடுங்காலமாக நடந்து பழகியவர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்தில் சேர்த்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துகிறது. எப்படிச் செய்வது என்று கேட்க இவர்களிடம் போகலாம். உங்கள் பொறுப்பை அவர்களிடம் தள்ளிவிட மட்டும் வேண்டாம்.

அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்தைத் திருத்தி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘இடத்தை மிச்சப்படுத்த’ என்ற சொற்களை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், ஆவணப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது என்றும், ஒவ்வோர் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் ஆவணப் பாதுகாப்புக்கு ஒரு தலைப்பு வைப்பது என்றும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் புதிய வட்டுக்குப் பெயர்ப்பது என்றும் எழுதுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆண்டுதோறும் இருக்க வேண்டும். அதை நிறைவேற்றும்வரை ஒரு பதிவேட்டையும் கட்டடத்தை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஆவணக் காப்பாளர் ஒருவர்